முட்டை நாள்

‘நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது’ என்று வாசிக்கிறேன். வாசிப்பது வாய்தான். நான் பாட்டுக்கு இட்லி அரிசியை எத்தனை மணிக்கு ஊறப் போட்டேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், பதினொன்றா பதினொன்றரையா, மூன்றே முக்காலுக்கு யாழினியின் ஸ்கூல் வேன் வரும், அவளைக் கூட்டிப்போய் யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிரைண்டரை ஓடவிட்டால் ஐந்துக்குள் முடிந்துவிடும், வாய்க்கு இதெல்லாம் தெரிய வேண்டாம், அதற்கு எழுத்தைக் காட்டினால் போதும், ஓடும். மூன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். கொடிக்கம்பத்துக்குக் கீழே தினமும் பேப்பர் வாசிக்கிறது நான்தான், ‘கணீர்னு இருக்குது அம்மிணி உன்ற தொண்டை’ என்று டீச்சர் சொல்வார். அந்தத் தொண்டைதான் இந்த அபார்ட்மெண்டில் எனக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ரெண்டே முக்காலுக்குச் சங்க அறையில் கூடுகிற புக் கிளப்பில் ஆள் நான்கு, புத்தகம் நான்கு, ஆனால் வாசிக்கிறவள் நான் ஒருத்தி. சுபாஷிணியும் ரெஜினாவும் கான்வென்டில் படித்தவர்கள், தமிழில் நாள் பூராவும் வாயடிப்பார்கள், ரெண்டு பக்கம் படிக்கச் சொன்னால் கண் வலிக்கிறது என்பார்கள். அபர்ணா நாக்பூரில் வளர்ந்தவள், தமிழ் எழுத்தே போன வருஷம்தான் கற்றுக்கொண்டாள், நான் வாசிக்க வாசிக்கத் தன் புத்தகத்தில் வரிக்கு அடியில் விரலை நகர்த்திக்கொண்டே வருவாள், பாதி வரி பின்னால், சில நேரம் ஒரு வரி பின்னால், கையில் ஒரு பென்சில். போன மாதம் ஒரு குடும்ப நாவல் வாசித்தேன், ரெஜினா குறட்டையே விட்டுவிட்டாள். அதற்கப்புறம்தான் சுபாஷிணி இந்தப் புத்தகத்தை வரவழைத்தாள், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் எழுதியது, நிஜமாக நடந்த கொலைகள், பன்னிரண்டு வழக்கு, வாரம் ஒன்று. இதில் யாரும் தூங்குவதில்லை. நானும் சும்மா வாசிக்கிறதில்லை, போலீஸ் பேசினால் போலீஸ் குரல், திருடன் பேசினால் திருடன் குரல், நடித்தே காட்டுவேன். இன்றைக்கு ஐந்தாவது வழக்கு. கிணற்றின் மேற்கே ரெண்டு கல்தூண், ஒன்று பாதியில் ஒடிந்தது, உள்சுவரில் ஒரு அத்திச் செடி என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில்கூட இப்படி ஒரு கிணறு என்று நினைத்துக்கொள்கிறேன். எந்த ஊரில்தான் இல்லை. கல்தூண் ஒடியாத கிணறு எங்கே இருக்கிறது.

‘சனிக்கிழமை காலை கிணற்றில் மிதந்த உடல், அதே ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த நாற்பது வயது ஆணுடையது. குடிப்பழக்கம் உள்ளவர். குழந்தை இல்லை. மனைவி செண்பகம் (பெயர் மாற்றப்பட்டுள்ளது).’ சுபாஷிணி தொடையில் தட்டுகிறாள். “பொண்டாட்டிதான். இப்பவே சொல்றேன், எழுதி வச்சுக்கங்க.” “நீ எப்பப் பாரு பொண்டாட்டியவே சொல்லு” என்கிறாள் ரெஜினா. “பின்ன? புருஷன் செத்தா பொண்டாட்டி, பொண்டாட்டி செத்தா புருஷன். இதுக்கு எதுக்கு போலீசு, நாய் எல்லாம்?” “உங்க வீட்டுக்காரரு ஜாக்கிரதையாத்தான் இருக்கணும்.” “அவரு தினமும் நான் சாப்பிட்ட அப்புறந்தான் சாப்பிடறாரு” என்று சுபாஷிணி சொல்ல எல்லோரும் சிரிக்கிறோம், நானும் சிரிக்கிறேன், எனக்குச் சிரிப்பு சுலபமாக வரும். அபர்ணா மட்டும் விரலை எடுக்காமல் “ஒரு நிமிஷம், இங்க ‘படி’ன்னு இருக்கு, கிணத்துக்குள்ள எப்படி படி?” என்கிறாள். எங்கள் பக்கம் பெரிய கிணற்றில் உள்ளே இறங்கக் கல்லிலேயே படி வைத்திருப்பார்கள் என்று சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் பக்கம் என்றுதான் சொல்கிறேன். அப்புறம் பக்கத்தைத் திருப்புகிறேன். ‘இந்த வழக்கின் திருப்புமுனை ஒரு எட்டு வயதுச் சிறுமி. மூன்றாம் வகுப்பு மாணவி கவிதா (பெயர் மாற்றப்பட்டுள்ளது). பள்ளி விட்டு வரும் வழியில், கிணற்றுப் பாதையில், இடுப்பு வரை நனைந்த சேலையோடு செண்பகத்தைப் பார்த்ததாகச் சொன்னாள். என்றைக்குப் பார்த்தாய் பாப்பா என்று கேட்டேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.’ இந்த இடத்தில் நான் குரலை ஒல்லியாக்கிக் கழுத்தைச் சாய்த்துக்கொள்கிறேன், பழக்கதோஷம். “முட்டை போட்ட அன்னிக்கு சார்!” சுபாஷிணி கைதட்டுகிறாள். “அப்படியே சின்னப் பிள்ளை மாதிரி! வளரு, நீ டிவிக்குப் போயிருக்கணும்டி.” சின்னப் பிள்ளை மாதிரியா. அது வேறு யாருடைய குரலும் இல்லை. என் குரல். அந்தக் கிணறு எங்கள் ஊர்க் கிணறு. செண்பகம் பாவாயக்கா. அவள் புருஷன் செல்லமுத்து மாமன், சாயங்காலமானால் கடையை மூடாமலே குடிக்கப் போய்விடுகிறவர். கவிதா நான்.

உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை. இப்படி ஒன்று தெரிந்தால் கை நடுங்கும், புத்தகம் கீழே விழும் என்றெல்லாம் நினைப்போம், சீரியலில் அப்படித்தான் காட்டுவார்கள். புத்தகம் கையிலேயே இருக்கிறது. ஜமக்காளத்தில் மடித்துப்போட்ட வலது கால் மரத்துப்போயிருக்கிறது, அது முன்னாலேயே மரத்ததா இப்போதா தெரியவில்லை, பல் பிடுங்கின அன்றைக்கு உதடு இருக்குமே, கையால் தொட்டால் யாரோ உதட்டைத் தொடுகிற மாதிரி, அப்படித்தான் எல்லாமே இருக்கிறது. வாய் வாசித்துக்கொண்டே போகிறது. பின்னட்டையில் இதை எழுதின அதிகாரியின் போட்டோ இருக்கிறது, நரைத்த மீசை, நாலு வாரமாகக் கையில் வைத்திருக்கிறேன், தெரியவில்லை. அப்போது மீசை கறுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்து மேசைமேல் என்னைத் தூக்கி உட்காரவைத்து க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டை முழுசாகக் கொடுத்தார், உடைக்காத பாக்கெட், அதுவரை நான் பாக்கெட்டை முழுசாகக் கையில் வாங்கினதில்லை. நல்லவர்தான். அதட்டவில்லை, மிரட்டவில்லை, என்றைக்கு என்று கேட்டார், முட்டை போட்ட அன்றைக்கு என்றேன். எங்களுக்குக் கிழமை யாருக்குத் தெரியும். சத்துணவில் அப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரே ஒரு முட்டை, அதுதான் எங்கள் காலண்டர், முட்டைக்கு முந்தின நாள், முட்டை நாள், முட்டைக்கு அடுத்த நாள், மாமன் மகள் சடங்குகூட முட்டைக்கு ரெண்டு நாள் கழித்து என்றுதான் ஞாபகம் வைத்திருந்தோம். அவர் டீச்சரைப் பார்த்தார். “வியாழக்கிழமைங்க சார், எப்பவும் வியாழக்கிழமைதான்” என்றார் டீச்சர். “கெட்டிக்காரி” என்று அவர் என் கன்னத்தில் தட்டினார். அப்புறம் கோர்ட். அம்மா புது ரிப்பன் வாங்கிக் கட்டிவிட்டாள், பச்சை. பொய் சொன்னால் என்ன ஆகும் என்று ஜட்ஜ் கேட்டார், சாமி கண்ணைக் குத்தும் என்றேன், எல்லோரும் சிரித்தார்கள், சத்தமாகச் சொல்லும்மா என்றார் யாரோ, எனக்கா சத்தத்துக்குப் பஞ்சம், கொடிக்கம்பத்துக்குக் கீழே நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னேன், நனைந்த சேலை, கிணற்றுப் பாதை, முட்டை நாள். கூண்டுக்குள் பாவாயக்கா நின்றாள். என்னைப் பார்த்தாள். முகத்தையல்ல, ரிப்பனை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை தலை பின்னிவிடுகிறவள் அவள்தான், அம்மா பின்னினால் ஒரு ஜடை மேலே ஒரு ஜடை கீழே போகும், அன்றைக்கும் அப்படித்தான் போயிருக்க வேண்டும், அவள் கை ஒரு தரம் உயர்ந்து திரும்பவும் இறங்கிவிட்டது. கூண்டுக்கும் எனக்கும் நடுவில் பத்தடி இருந்தது.

‘பிரேதப் பரிசோதனையின்படி மரணம் வியாழன் மாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள். செண்பகமோ, வியாழன் முழுக்கப் பக்கத்து ஊரில் தன் தாய் வீட்டில் இருந்ததாகவும், வெள்ளி காலை முதல் பஸ்ஸில்தான் வந்ததாகவும், வந்ததிலிருந்து புருஷனைத் தேடியதாகவும் சாதித்தாள். அதற்குச் சாட்சி அவளைப் பெற்றவள் மட்டும்தான்.’ “பெத்தவ வேற எப்படிச் சொல்லுவா?” என்கிறாள் சுபாஷிணி. ‘சிறுமியிடம் செண்பகம் ஏதாவது பேசினாளா என்று கேட்டேன். எங்க மாமாவைப் பார்த்தியா கண்ணு என்று கேட்டாளாம். தன் கையால் கிணற்றில் தள்ளிவிட்டு, அடுத்த நிமிடமே தேடுவதுபோல நடிக்கத் தொடங்கிவிட்டாள். முப்பது வருட சர்வீஸில் இப்படி ஒரு நெஞ்சழுத்தத்தை நான் பார்த்ததில்லை.’ “அடிப்பாவி” என்கிறாள் ரெஜினா மெதுவாக. எனக்கும் இத்தனை வருஷமும் அதே வார்த்தைதான். அடிப்பாவி. அப்படி நினைத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் வரும், வந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன். இல்லாததைச் சொல்லவில்லை. சேலை நனைந்திருந்தது, நனைந்திருந்தது என்றேன். யாராவது குறை சொன்னால்தானே, எல்லோரும் மெச்சினார்கள், கோர்ட்டுக்குப் போன பிள்ளை என்று கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அம்மா சொன்னாள், எங்கள் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் ‘பார்த்துப் பேசணும்டா, இவ ஜட்ஜுக்கே பதில் சொன்னவ’ என்று சிநேகிதர்களிடம் கேலி செய்வார், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். பாவாயக்கா பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தாள். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மினிபஸ் நிறுத்தத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், முடி மொத்தமும் வெளுத்து, மடியில் ஒரு மஞ்சள் பை. நான் யாழினியின் கையை இறுக்கிப் பிடித்தேன். அந்தப் பிடி என் விரலில் இன்னும் இருக்கிறது, கூட்டத்தில் பிள்ளையைப் பிடிக்கிற பிடியல்ல அது, நாய்க்குப் பக்கத்தில் பிடிக்கிற பிடி. “வளரு புள்ளையா இது?” என்றாள். “வாயாடியா, உன்னையாட்டம்?” ஆமாங்கக்கா என்றேன். “ஜடை கோணலாப் போகுது பாரு” என்றாள். பின்னிவிடட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பஸ் வந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன். பஸ் வரவில்லை. நான் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன், வெயில் அடித்த பக்கம்.

“சரி, இடைவேளை” என்று ரெஜினா அட்டைப்பெட்டியைப் பிரிக்கிறாள். மணி மூன்றே கால். பேக்கரியிலிருந்து சுடச்சுட வாங்கி வந்திருக்கிறாள், பெட்டியின் அடியில் எண்ணெய் வட்டம் வட்டமாக ஊறியிருக்கிறது. சுபாஷிணி கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொள்கிறாள். “முட்டை பப்ஸா? ஐயோ, இன்னைக்கு வெள்ளிக்கிழமைடி.” “பப்ஸுக்கெல்லாமா நாள் பார்ப்ப? போன வெள்ளிக்கிழமை கேக் தின்னியே, அதுல என்ன வெண்டைக்காயா போட்டிருந்தாங்க?” “கேக்குல அது தெரியாம இருக்குல்ல. இதுல கால் நீட்டிப் படுத்திருக்கு.” அபர்ணாவுக்குச் சிரிப்பில் புரையேறுகிறது. “எங்க நாக்பூர்ல செவ்வாய்க்கிழமைதான் சாப்பிட மாட்டாங்க, இங்க வெள்ளியா?” “வீட்டுக்குள்ளயே கொண்டு வர விடமாட்டாங்க எங்கம்மா” என்கிறாள் சுபாஷிணி, “வெளக்கு வெக்கிற வீட்டுக்குள்ள வெள்ளிக்கிழமை கவிச்சியான்னு வாசல்லயே நிறுத்திடுவாங்க.” நான் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன், நான் நாள் பார்க்கிறதில்லை, எங்கள் வீட்டுக்காரருக்கு ஏசி ரிப்பேர் வேலை, வெள்ளிக்கிழமைதான் அவருக்குக் கொஞ்சம் சீக்கிரம் முடியும், அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் ஆம்லெட்டே. கடிக்கிறேன். மேல் தோடு நொறுங்கி மடியில் விழுகிறது, உள்ளே பாதி முட்டை, மஞ்சள் கரு உலர்ந்து நாக்கில் மாவாக ஒட்டுகிறது. வாசலிலேயே நிறுத்திவிடுவாள். வாசலிலேயே. நான் வாசலில் நின்றுகொண்டு முட்டை தின்றிருக்கிறேன். எங்கள் வீட்டு வாசல், கழுவிவிட்ட வாசல், கால் ஈரமாக இருக்கிறது, உள்ளே வராதே என்கிறாள் அம்மா, கையில் விளக்கும் புளியும், விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து நிலைக்குக் குறுக்கே நிற்கிறாள், “வெள்ளிக்கிழமை அதுவுமா முட்டையத் தூக்கிட்டு உள்ள வர்றியா, அங்கயே நின்னு தின்னுபோட்டு வாயக் கழுவிட்டு வா.” தம்பிக்கு என்று கொண்டு வந்த முட்டை. மத்தியானம் திங்காமல் பென்சில் டப்பாவில் வைத்துக் கொண்டு வந்தது, தம்பி உள்ளே காய்ச்சலில் படுத்திருந்தான், அவனுக்குக் கொடுக்க முடியாமல் நானே தின்றேன், மஞ்சள் கரு தொண்டையில் அடைத்து விக்கல் எடுத்தது, விக்கலுக்கு நடுவில்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, பாவாயக்கா சேலையெல்லாம் ஈரம். மாமனைக் காணோமாம்.

வேறு வாரமாக இருக்கலாம். இருக்கலாமல்லவா. முட்டை வாரா வாரம் வந்தது, நான் எத்தனையோ முட்டையைத் தம்பிக்குக் கொண்டுபோயிருக்கிறேன், ஒரு வாரத்து முட்டையும் இன்னொரு வாரத்துச் சேலையும் தலைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், இருபது வருஷம், நேற்று சாவியை எங்கே வைத்தேன் என்றே தெரிவதில்லை. ஆனால் விக்கல். விக்கலோடு சொன்னேன், அம்மா முதுகில் தட்டினாள், தட்டிக்கொண்டே கேட்டாள், எங்கே பார்த்தாய் என்று. ஒரே வாசல், ஒரே ஈரக் கால். கிணற்றுப் பாதையில் பென்சில் டப்பா குலுங்கக் குலுங்க வந்தேன், முட்டை உடைந்துவிடப் போகிறது என்று டப்பாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன், பாவாயக்கா படி ஏறி வந்தாள், இடுப்புக்குக் கீழே சேலை கறுத்து ஒட்டியிருந்தது, உள்ளே இறங்கித் துழாவியிருப்பாள், வேறென்ன, தேடுகிறவள் கிணற்றுக்குள் இறங்காமல் எங்கே இறங்குவாள், “எங்க மாமனப் பாத்தியா கண்ணு?” என்றாள், மூச்சு வாங்கியது. டப்பாவில் என்ன என்றும் கேட்டாள். முட்டை என்றேன். தம்பிக்கா என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையில் எப்படி முட்டை? அதுவும் வருகிறது, வேண்டாம் என்றாலும் வருகிறது, வியாழக்கிழமை தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம், சத்துணவு ஆயா வெறும் சாம்பார் சாதத்தை ஊற்றுகிறாள், “முட்டை வண்டி வரல, நாளைக்குத்தான், போ போ.” பெரிய வகுப்புப் பையன்கள் தட்டைத் தட்டி ஊளையிட்டார்கள். அடுத்த நாள் வந்தது. ஆனால் சத்துணவு அமைப்பாளர் நோட்டில் வியாழன் என்றுதான் எழுதியிருப்பார், வண்டி வராவிட்டாலும் வியாழன்தான், அப்படித்தான் எழுதுவார்கள், இல்லையென்றால் மேலே கேள்வி வரும், டீச்சருக்கும் அதுதான் வசதி. எப்பவும் வியாழக்கிழமைதான் சார். அவர் கேட்டது அந்த வாரத்தை, டீச்சர் சொன்னது எப்பவும். நடுவில் ஒரு நாள் இருந்தது. வியாழக்கிழமை என்றால் அவள் நடித்தாள். வெள்ளிக்கிழமை என்றால் அவள் தேடினாள். அவ்வளவுதான் வித்தியாசம், சேலை அதே சேலைதான், ஈரம் அதே ஈரம்தான். அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா? வாசலில் நிறுத்தினவள் அவள்தானே. கோர்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாளே, அது வாந்தி வருகிறது என்றா? இப்போது போன் செய்து கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும், ‘இப்ப எதுக்கு அது, புள்ளைக்குச் சளி போச்சா’ என்பாள். நானும் போச்சும்மா என்பேன். அப்புறம் அரிசியை அரைப்பேன். நாளைக்கு இட்லி வரும், மெத்தென்று வரும், என் இட்லி எப்போதும் மெத்தென்றுதான் வரும். யாருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கே அரை மணி நேரம் முன்னால் தெரியாது, தெரியாத இடத்துக்குத் திரும்பிப் போவதற்கு அரை மணி நேரம்தான் தூரம். வாயில் மஞ்சள் கரு அப்படியே இருக்கிறது. முழுங்கு என்று சொல்லிக்கொள்கிறேன், முழுங்கத் தெரியவில்லை, தண்ணீர் பாட்டிலை எடுத்து ஊற்றிக்கொள்கிறேன், போகிறது.

“வளரு, முடிச்சுடு, வேன் வந்துரும்” என்கிறாள் சுபாஷிணி. நான் முடித்துவிடுகிறேன். இன்னும் ஒரு பக்கம்தான். ‘நீதிமன்றம் செண்பகத்துக்கு ஆயுள் தண்டனை விதித்தது. படித்தவர்களும் பெரிய மனிதர்களும் வாய் திறக்கத் தயங்கிய ஊரில், சத்துணவு முட்டையை வைத்து நாளைச் சொன்ன அந்தப் பிஞ்சுக் குரல்தான் நீதியை நிலைநாட்டியது. குழந்தைகள் பொய் சொல்வதில்லை.’ “கரெக்ட்” என்கிறாள் ரெஜினா, “என் சின்னவன் தவிர.” சுபாஷிணி தன் புத்தகத்தை மூடிவிட்டாள், செருப்பைத் தேடுகிறாள். “அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கோ. பெரிய வக்கீலாக்கூட இருப்பா.” ஒண்ணாம் நம்பர் வீட்டில் இருக்கிறாள், லிஃப்டுக்குப் பக்கத்தில். இன்னும் ரெண்டு வரி இருக்கிறது. ‘தண்டனை முடிந்து வந்த செண்பகம் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.’ அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்தது, கீழே ஒரு பூ போட்டிருக்கிறார்கள், பூவுக்குக் கீழே பாதிப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. நான் அந்த வெள்ளையைப் பார்க்கிறேன். எழுத்தைக் காட்டினால் ஓடுகிற வாய். எழுத்து இல்லை. நிறுத்தவில்லை அது. ‘அந்த வாரம் வியாழக்கிழமை முட்டை வண்டி வரவில்லை. முட்டை வெள்ளிக்கிழமைதான் போட்டார்கள்’ என்று வாசிக்கிறேன், அதே குரல், அதே ஏற்றம் இறக்கம், வாக்கியம் முடிகிற இடத்தில் முற்றுப்புள்ளிக்கு மூச்சு விடுகிறேன். ‘அந்தப் பெண் அன்றைக்கு நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தாள்.’

“ம்ம். சூப்பர்” என்கிறாள் சுபாஷிணி ஒரு காலில் செருப்போடு, “நான்தான் சொன்னேன்ல, பொண்டாட்டின்னு. அடுத்த வாரம் எது, அந்த லாட்ஜ் கேஸா?” கேட்டாளா கேட்கவில்லையா தெரியவில்லை, முடிவு தெரிந்த பிறகு யாரும் கடைசி வரியைக் கேட்பதில்லை. ரெஜினா பெட்டியில் மிச்சமிருக்கிற பப்ஸை டிஷ்யூவில் சுற்றி யாழினிக்கு என்று என் பையில் வைக்கிறாள். கதவுக்கு வெளியே அவர்கள் குரல் லிஃப்ட் வரைக்கும் போய் அதற்குள் ஏறிக்கொள்கிறது. அபர்ணா மட்டும் எழுந்திருக்கவில்லை. அவள் விரல் பூவுக்கு மேலே நிற்கிறது. மேலே போகிறது, கடைசி வரி, அதற்கு முந்தின வரி, திரும்பவும் பூ. பக்கத்தைத் திருப்பி அடுத்த வழக்கின் தலைப்பைப் பார்த்துவிட்டுத் திரும்ப வருகிறாள். “வளர்மதி, முட்டை வண்டின்னு படிச்சீங்களே, அது எங்க இருக்கு? எனக்குக் கிடைக்கல.” முகத்தில் வெட்கம், தான்தான் எங்கேயோ தவறவிட்டோம் என்று, வாரா வாரம் தவறவிட்டுப் பழகினவள். உன் கண்ணில் பட்டிருக்காது, நீ மெதுவாகப் படிப்பாய், வீட்டில் போய்ப் பாரு என்று சொல்லலாம். நம்புவாள். நான் எது வாசித்தாலும் அது புத்தகத்தில் இருக்கிறது என்று நம்புகிறவள். எட்டு வயதில் என்னை நம்பினவர்கள் மாதிரியே. வெளியே வேன் ஹாரன் அடிக்கிறது, ரெண்டு தரம், அது யாழினிக்கு அடிக்கிற ஹாரன், எழுந்திருக்க வேண்டும், ஊன்றிப் பார்க்கிறேன், வலது கால் என்னுடையதாக இல்லை. “அந்தப் பென்சிலைக் குடுங்க” என்கிறேன். கொடுக்கிறாள். அவள் புத்தகத்தையே இழுத்து, பூவுக்குக் கீழே, வெள்ளையில், அவளுக்குப் புரிகிற மாதிரி எழுத்தைப் பெரிது பெரிதாக எழுதுகிறேன். அதற்குக் கீழே ஒரு வார்த்தை, பெயர் மாற்றாமல். எழுதி அவள் பக்கம் திருப்பி வைக்கிறேன். வேன் மூன்றாவது தரம் அடிக்கிறது. அபர்ணா விரலை முதல் எழுத்துக்கு அடியில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, சத்தமாகக் கூட்டிப் படிக்கத் தொடங்குகிறாள், அந்த, வா, ரம், முட், டை, வெள், ளி, ஒவ்வொன்றாக அவள் வாயிலிருந்து வெளியே வருகிறது, என் வாய் முதல் தடவையாகச் சும்மா இருக்கிறது, கேட்டுக்கொண்டிருக்கிறேன், விரல் கீழே இறங்குகிறது, “வ… ளர்… ம… தி” என்று முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நேரம் அந்தப் பெயரின் மேலேயே விரலை வைத்திருந்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.